சட்டமும் மக்கள் கருத்தும்

மக்களாட்சியில் சட்டமன்றம் நிறைவேற்றும் சட்டம் மக்களின் கருத்தே என்று கொள்வது வழக்கம். தேர்ந்தெடுத்தவர் மக்கள், தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவர்தம் நாவாக நிற்பவர், ஆதலின் அவை உரைப்பது நாடு உரைப்பதே என்பர். கேட்பதற்கு இனிய இக்கணக்கு, கடும் எதிர்ப்பைக் கிளப்பிய சட்டம் ஒன்றை எடுத்து வைத்துப் பார்க்கும்போது அவ்வளவு எளிதில் நேராவதில்லை. அத்தகைய சட்டத்தைத் தேடி நாம் தொலைவில் செல்ல வேண்டா. மட்டாஞ்சேரியில் வாழும் நமக்குக் கேரளக் கல்விச் சட்டத்தின் வரலாறே போதும்.

1957ஆம் ஆண்டு நடந்த கேரளத்தின் முதல் பொதுத் தேர்தலில் 126 இடங்களுள் 60 இடங்களைப் பொதுவுடைமைக் கட்சி பெற்றது. சுயேச்சைகள் சிலருடைய துணையுடன் இ. எம். எஸ். நம்பூதிரிபாடு ஆட்சி அமைத்தார். கட்சி பெற்ற வாக்கோ நூற்றுக்கு ஏறத்தாழ 35தான். அவ்வாண்டு ஜூலைத் திங்களில் கல்வி அமைச்சர் ஜோசப் முண்டசேரி மசோதாவைக் கொணர்ந்தார். தனியார் பள்ளி ஆசிரியர்க்கு அரசுக் கருவூலத்திலிருந்து நேரே ஊதியம் வழங்க அது வழி செய்தது. மேலாளரின் முகம் பார்த்து நின்று, கையொப்பமிட்ட தொகை ஒன்றும் கையில் விழுந்த தொகை வேறொன்றுமாக வாழ்ந்த ஆசிரியர் பலர் இருந்த காலம் அது என்பதை மறத்தலாகாது. அதே மசோதா, தேர்வாணையம் ஆயத்தம் செய்யும் பட்டியலிலிருந்தே ஆசிரியரை நியமிக்க வேண்டும் என்றது. கடமை தவறும் மேலாளரின் பள்ளியை அரசு ஏற்கலாம் என்றும் கூறியது. கிறித்தவத் திருச்சபையினரும் நாயர் சமுதாயத் தலைவர்களும் கொதித்தெழுந்தனர்.

1959 ஜூன் திங்களில் மன்னத்துப் பத்மநாபன் தலைமையில் விமோசன சமரம் மூண்டது. மறியலும் சிறையும் துப்பாக்கிச் சூடும் நிகழ்ந்தன. ஜூலை 31 அன்று நடுவணரசு மாநில ஆட்சியைக் கலைத்தது. சட்டமன்றத்தின் பெரும்பான்மையை ஒருபுறம் வைத்துவிட்டு, தெருவில் திரண்ட திரளையே மக்கள் கருத்தாக அன்று தில்லி ஏற்றுக்கொண்டது எனலாம்.

அக்கருத்து மெய்தானா என்பதை அளக்க 1960இல் தேர்தல் வந்தது. எதிர்க்கட்சிகள் ஒன்று சேர்ந்து நின்றன. பொதுவுடைமைக் கட்சியின் இடங்கள் 60இலிருந்து 29ஆகக் குறைந்தன. வாக்கோ 35இலிருந்து 39ஆக உயர்ந்தது! சட்டத்தை மக்கள் வெறுத்தனர் என்பார்க்கு 29 என்னும் எண் சான்று. விரும்பினர் என்பார்க்கு 39 சான்று. இரண்டுமே முழுச் சான்றாகா என்பதே என் துணிபு. வாக்காளன் கல்விச் சட்டத்திற்கு மட்டுமா வாக்களித்தான்? நிலச் சீர்திருத்தத்திற்கும், சமயத்திற்கும், சாதிக்கும், அரிசி விலைக்கும், தன் ஊர் வேட்பாளரின் முகத்திற்கும் சேர்த்து ஒரே முத்திரையை அல்லவா இட்டான்!

தேர்தலைக் காட்டிலும் தெளிவான சான்று அதன்பின் நிகழ்ந்தது. எதிர்ப்பின் பயனாய் ஆட்சிக்கு வந்த பட்டம் தாணுப் பிள்ளை அமைச்சரவை அச்சட்டத்தை நீக்கவில்லை. ஆசிரியர் நியமனம் பற்றிய பிரிவை மட்டும் மாற்றி, அவ்வுரிமையை மேலாளரிடமே அளித்தது. கருவூலத்திலிருந்து ஊதியம் என்னும் பிரிவை எவரும் தொடவில்லை. அச்சட்டம் இன்றும் நிற்கிறது. ஒரே சட்டத்துள் மக்கள் விரும்பிய பகுதியும் வலிமையுள்ளோர் வெறுத்த பகுதியும் அடுத்தடுத்து இருந்தன என்பது அப்போதுதான் புலனாயிற்று.

ஒரு பொருளைத் தனியே பிரித்து மக்களிடம் கேட்டால் என்னாகும் என்பதற்கு அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலம் ஓர் எடுத்துக்காட்டு. கருக்கலைப்புரிமைக்கு மாநில அரசியலமைப்பில் இடமில்லை என்னும் திருத்தத்தை அதன் சட்டமன்றம் மூன்றில் இரு பங்கு வாக்குகளால் முன்மொழிந்தது. 2022 ஆகஸ்டு 2 அன்று மக்களின் நேரடி வாக்குக்கு அது விடப்பட்டபோது, நூற்றுக்கு ஏறத்தாழ 59 பேர் வேண்டா என்றனர். வியப்பு யாதெனில், அதே மக்கள் அவ்வாண்டு நவம்பரில் அதே கட்சிக்கே கீழவையில் மீண்டும் பெரும்பான்மை அளித்தனர்.

சரி, சட்டம் பெரும்பான்மையோர் கருத்தை ஐயமறப் பிரதிபலிக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அதனோடு வினா தீர்ந்ததா? கல்வி மசோதாவைக் குறித்துக் குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டபோது, 1958 மே திங்களில் அந்நீதிமன்றம், மாநிலச் சட்டம் ஒன்றைப் பொறுத்தவரை சிறுபான்மை யார் என்பதை அம்மாநிலத்தின் மொத்த மக்கள்தொகையைக் கொண்டே கணக்கிட வேண்டும் என்றது. கொங்கணியும் குஜராத்தியும் கச்சியும் தமிழும் அடுத்தடுத்த தெருக்களில் ஒலித்து வளர்ந்த மட்டாஞ்சேரிக்கு இது வெறும் வழக்குரை அன்று.

தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளிகளில் தமிழைக் கட்டாயமாக்கியது. நம்மில் மகிழாதவர் யார்? அங்கே தெலுங்கும் மலையாளமும் கன்னடமும் உருதும் பேசும் சிறுபான்மையினர் நீதிமன்றப் படியேறி விலக்குப் பெற வேண்டியதாயிற்று. 2017இல் கேரளம் மலையாளத்தைப் பத்தாம் வகுப்பு வரை கட்டாயமாக்கியது. காசர்கோட்டில் கன்னடர் கிளர்ந்தனர். இரு சட்டங்களும் அவ்வம் மாநிலத்துப் பெரும்பான்மையோர் உள்ளத்தையே காட்டின என்பதில் எனக்கு ஐயமில்லை. இரண்டையும் ஒரே நாவால் போற்றவும் தூற்றவும் நேர்ந்தவர்கள் நம்மைப் போன்றோர்.

கோவையிலிருந்து இங்கே வரும் குடும்பம் வாளையாற்றைக் கடக்கும்போது அதன் சாமான்களில் ஒன்றும் குறைவதில்லை. பெரும்பான்மை என்னும் ஒன்று மட்டும் அக்கரையிலேயே இறங்கிவிடுகிறது. சென்ற தேர்தலில் அக்குடும்பத்தின் தந்தை தம் தாய்மொழிக்கென வாக்களித்திருப்பார். அடுத்த திங்கள் அவர் மகளைப் பள்ளியில் சேர்க்கும்போது, மேசை மேல் விரிக்கப்படும் விதிகள் அவர் வாக்களித்திராத அவையில் எழுதப்பட்டவை. அதே நாளில் கோவைப் பள்ளி ஒன்றின் மேசை முன்னே மலையாளத் தந்தை ஒருவர் நின்றுகொண்டிருக்கக்கூடும்.