பேகனின் போர்வையும் போரிவலிக் காடும்

அன்பு என்பது தொடர்புடையார்மீது செல்வது. அருள் என்பது தொடர்பு நோக்காமல் எல்லா உயிர்கள்மீதும் பரவுவது. நம் உரையாசிரியர்கள் இவ்விரண்டையும் இவ்வாறு பிரித்துக் காட்டினர். அருளைப் போற்றாத தமிழர் இலர். ஆயினும் அருளுக்கும் ஒரு செலவு உண்டு. அச்செலவை ஏற்பவர் யார் என்னும் வினாவை நாம் பெரும்பாலும் எழுப்புவதில்லை. மும்பையில் வாழும் நமக்கு அவ்வினாவை எழுப்புவதற்கென்றே ஒரு காடு அருகில் இருக்கிறது.

போரிவலியில் வாயில் கொண்டுள்ள சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா ஏறத்தாழ 104 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. அதன் நடுவே கன்ஹேரியில், பௌத்தத் துறவியர்க்காகப் பாறையைக் குடைந்து அமைத்த குகைகள் நூற்றுக்கும் மேல் உள்ளன. 1860இல் கட்டி முடிக்கப்பட்ட விஹார் ஏரியும், 1879இல் முடிந்த துளசி ஏரியும் இக்காட்டின் மழைநீரைத் தேக்கி நகருக்குத் தருகின்றன. விடுமுறை நாளில் செம்பூரிலிருந்தும் மாட்டுங்காவிலிருந்தும் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு, வண்டி மாறிப் போரிவலி சேர்வது நம் குடும்பங்களுக்குப் பழகிய இன்பம்.

தை மாத ஞாயிறு ஒன்றில் அவ்வாறு சென்ற நாம், மாலையில் கன்ஹேரியிலிருந்து திரும்பும் வழியில், எவரும் எதிர்பாராத வகையில் ஒரு சிறுத்தையைக் கண்டோம். வேங்கைப் பூ உதிர்ந்த பாறை புலியாகத் தோன்றுவதைச் சங்கப் பாடல்களில் படித்திருக்கிறோம். இங்கோ புலியே தேக்கின் சருகுக் குவியலாகத் தோன்றியது. அச்சருகு எழுந்து நடந்தது, சாலையைக் கடந்தது, வண்டியை ஒருமுறை நோக்கிவிட்டுப் புதரில் மறைந்தது. குழந்தைகள் பேச்சிழந்தனர். பாட்டி கைகூப்பினார்.

ஊர் திரும்பும் ரயிலில் இருவகைக் கருத்துகள் எழுந்தன. “விலங்கின் வீட்டில் மனிதர்க்கு என்ன வேலை? காட்டோரக் குடிசைகளை அகற்றிவிட்டால் போதும்” என்றார் ஒருவர். “இத்தனை மக்கள் வாழும் நகரில் கொடிய விலங்கு எதற்கு? பிடித்துத் தொலைவில் விட்டுவிடலாமே” என்றார் மற்றொருவர்.

பிடித்து விடுவது முன்பே செய்து பார்க்கப்பட்ட வழி. புணே மாவட்டத்து ஜுன்னர் பகுதியில் 2001 முதல் 2003 வரை சிறுத்தைகள் பல கூண்டில் பிடிக்கப்பட்டு வேறு காடுகளில் விடப்பட்டன. மனிதர்மீது அவை பாய்வது அதனால் குறையவில்லை, மிகுந்தது என்பதை வித்யா ஆத்ரேயா முதலிய ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். தான் அறிந்த நிலத்தில் விலங்கு ஒதுங்கி வாழும். அறியாத நிலத்தில் தடுமாறும். ஊர்விட்டு ஊர் வந்து பிழைக்கும் நமக்கு இது விளங்காத உண்மை அன்று. மும்பைக் காட்டைச் சுற்றிலும் 2004ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பலர் சிறுத்தைக்கு இரையாயினர். கூண்டு மட்டும் போதாது என்பதை உணர்ந்து, 2011இல் வனத்துறையினரும் ஆய்வாளரும் குடிமக்களும் கூடி, விலங்கோடு இடம் பகிர்ந்து வாழும் முறையை மக்களுக்கு எடுத்துரைக்கத் தொடங்கினர்.

குடிசைகளை அகற்றுக என்னும் விடை நம்மை இன்னும் நெருங்கித் தொடுகிறது. ‘பின்னர் வந்தவர் வெளியேறுக’ என்னும் குரலை 1960களில் இந்நகரத் தமிழர் தம் காதாலேயே கேட்டனர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து நம் முன்னோர் தாராவிக்கு வந்தபோது அது வெற்றிடமாக இருக்கவில்லை. அங்கே கோலி மீனவர் வாழ்ந்தனர். கழிமுகச் சதுப்பு இருந்தது. அச்சதுப்பைத் தூர்த்தே மனைகள் எழுந்தன. விஹார், பவாய் ஏரிகளின் உபரிநீரால் பிறக்கும் மித்தி ஆறு தாராவியின் ஓரமாகச் சென்றே மாஹிம் கழிமுகத்தை அடைகிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பொழிந்தபோது, அவ்வாறு தான் இழந்த இடத்தைத் தேடி வந்ததைக் கண்டோம். முன் வந்தவரே உரியவர் என்னும் நெறியை நாட்டினால், நம்மில் எத்தனை பேருக்கு இங்கு நிற்க இடம் கிடைக்கும்? காட்டுக்குள்ளேயே நெடுங்காலமாக வாழும் வார்லிப் பழங்குடியினரோ வாகோபா என்று புலிக்கடவுளை வணங்கி, அதனோடு வாழக் கற்றவர்கள். அவர்களை எவ்வகையில் அயலார் என்பது?

எனவே முன்னவர் யார், பின்னவர் யார் என்பதன்று நம் வினா. விலை கொடுப்பவர் யார் என்பதே வினா. நாம் வண்டிக்குள் அமர்ந்து சிறுத்தையைக் கண்டோம். இரவில் செம்பூர் வந்து கதவைத் தாழிட்டு உறங்கினோம். காட்டோரக் குடிசையில், வீட்டில் கழிப்பறை இல்லாத தாய் தன் குழந்தையோடு அதே இரவில் இருட்டுக்குள் நடக்கிறாள். சிறுத்தை நாயைத் தேடி வருகிறது. நாய் குப்பையைத் தேடி வருகிறது. அக்குப்பையில் மாடி வீடுகளின் எச்சிலும் உண்டு. ‘சிறுத்தை வாழட்டும்’ என்னும் நம் மொழி உயர்ந்ததுதான். ஆனால் அதற்குரிய அச்சத்தை அவளே முழுதும் சுமக்கிறாள் எனின், அது நம் அருளாகுமா?

குளிரில் நடுங்கியதாகக் கருதி மயிலுக்குப் பேகன் போர்வை தந்தான். மயிலுக்குப் போர்வை எதற்கு என்று நகைப்பார் உண்டு. நாம் நோக்க வேண்டியது வேறு: அவன் தந்தது தன் போர்வை. முல்லைக்குப் பாரி தந்தது தன் தேர். புறாவுக்குச் சிபி அரிந்து தந்தது தன் தசை. இவருள் எவரும் அயலார் போர்வையைப் பறித்துத் தந்து வள்ளல் எனப் பெயர் பெறவில்லை.

நம் போர்வை எது என்று எண்ணிப் பார்ப்போம். அது அரிய பொருள் அன்று. நாளும் அகற்றப்படும் குப்பை, தெருமுனையில் எரியும் விளக்கு, குடிசைதோறும் ஒரு கழிப்பறை ஆகியவையே. இவற்றைக் கேட்டுக் காட்டோர மக்கள் நகராட்சிக்கு விடுக்கும் வேண்டுகோளில் நாமும் கையொப்பம் இடலாம். நாம் செலுத்தும் வரி அங்கே செலவாகும்போது முகம் சுளிக்காதிருக்கலாம். காட்டில் உணவு எச்சங்களை எறியாமல் திரும்பலாம். இவை சிறியவை. ஆனால் இவை நம்முடையவை.

நம் பிள்ளைகள் அச்சிறுத்தையை மறக்கமாட்டார்கள். அது வாழ நீங்கள் என்ன கொடுத்தீர்கள் என்று ஒருநாள் அவர்கள் கேட்கக்கூடும். அன்று சொல்வதற்கு ஒரு விடையை நாம் இன்றே தேடிக்கொள்ள வேண்டும்.