பார்க்கும் பசி

அப்புத்தளைப் பக்கம் கோப்பித் தோட்டத் துரையாக இருந்த சாமுவேல் பிளை, 1868இல் மலைக்காட்டு ஓடையோரம் வாழும் கருநீலப் பறவை ஒன்றைக் கண்டுபிடித்தார். 1872இல் ஹோல்ட்ஸ்வர்த் என்பவர் அதை அறிவியல் முறைப்படி விவரித்தபோது துரையின் பெயரையே அதற்குச் சூட்டினார். இலங்கையில் மட்டுமே வாழும் சீழ்க்கைப் பூங்குருவி அதுதான். அந்தக் காலத்தில் பறவையைப் பார்ப்பதென்றால் சுட்டு வீழ்த்திப் பார்ப்பது. தோலை உரித்துப் பஞ்சடைத்துக் கப்பலேற்றினால்தான் அப்படி ஒரு பறவை இருப்பதாக உலகம் ஒப்புக்கொள்ளும். இன்று துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டோம். அதைத் தூக்கச் சொன்ன பசி போய்விட்டதா?

அப்புத்தளைக்கு அருகே, சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டிய அடிசம் பங்களா இருக்கிறது. இப்போது அது பெனடிக்ற் சபைத் துறவிகளின் மடம். ஜாம் வாங்க வருகிறவர்களே அங்கு அதிகம். அந்த வளவை ஒட்டி இதல்கஸ்ஹின்னைப் பக்கமாக நீளும் காடு தங்கமலைச் சரணாலயம். முதலில் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்குமாக ஊவா மலைகள் மழிக்கப்பட்டபோது தப்பிப் பிழைத்த துண்டு அது. மஞ்சட்காதுச் சின்னானையும் இலங்கை வெள்ளைக்கண்ணியையும் பார்க்க இப்போது வழிகாட்டியோடு ஆட்கள் வருகிறார்கள்.

மலைக்காட்டில் நடந்து தேடினால் கிடைப்பது கொஞ்சம். நின்றால்தான் பறவை வரும். பல இனங்கள் ஒரே கூட்டமாகச் சேர்ந்து இரை தேடிக்கொண்டே நகர்வது இலங்கைக் காடுகளின் வழக்கம். சிங்கராஜக் காட்டில் பேராசிரியர் சரத் கொட்டகமவும் உடன் ஆய்ந்தவர்களும் இந்தக் கூட்டங்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கணக்கெடுத்தார்கள். ஒரு கூட்டத்தில் சராசரியாக 40 பறவைகள், பத்துக்கு மேற்பட்ட இனங்கள். தவிட்டுக்குருவிகள் கூச்சலிட்டு இலைகளைக் கிளறும். கொண்டைக் கரிச்சான் மேலே நின்று, வல்லூறு வந்தால் குரல் கொடுக்கும். கூட்டம் வரும்வரை காடு வெறிச்சென்று கிடக்கும். சேற்றில் நின்று, காலில் ஏறும் அட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். வந்தால் எந்தக் கிளையைப் பார்ப்பதென்று தெரியாது, அதற்குள் கடந்துபோய்விடும். எதைக் காண்பது, எவ்வளவு நேரம் காண்பது என்பதைத் தீர்மானிப்பவை அந்தப் பறவைகள். பணம் கொடுத்து எதையும் வாங்கிப் பழகிய நமக்கு இது பெரிய பாடம். ஆனால் அந்தப் பாடத்தைக் கேட்கத்தான் பொறுமை இல்லை.

இலங்கைக்கே உரிய பறவையினங்கள் 30க்கு மேல். அத்தனையையும் ஒரே பயணத்தில் பார்த்து முடிக்கும் ஆசை பலருக்கு உண்டு. "இன்னும் அஞ்சுதான் பாக்கி, தம்பி" என்று ஒருவர் சொன்னால் வழிகாட்டிக்குப் புரிந்துவிடும். அவர் கைப்பேசியை எடுத்து, அந்தப் பறவையின் குரற்பதிவை ஒலிக்க விடுவார். தன் எல்லைக்குள் இன்னொரு சேவல் நுழைந்துவிட்டதென்று எண்ணி ஆண்பறவை பதறிக்கொண்டு வெளியே வரும். இரையை விட்டுவிட்டு, கூட்டில் குஞ்சிருந்தால் அதையும் விட்டுவிட்டு வரும். இல்லாத எதிரியைத் தேடித் தேடிப் பாடும். நமக்குப் படம் கிடைக்கும். மறுநாள் அடுத்த குழு வரும், அதே ஒலி, அதே பதற்றம். பறவை சாகவில்லை, உண்மை. ஆனால் ஏமாற்றி வரவழைத்துப் பார்ப்பதை நட்பு என்று நான் சொல்ல மாட்டேன்.

பறவையைக் குரல்வழி தேடுவதே தீது என்பதல்ல என் கட்சி. தீபால் வரகாகொட 1995இல் மழைக்காட்டில் அறிமுகமில்லாத ஓர் ஆந்தையின் குரலைக் கேட்டார். அந்த ஆந்தையைக் கண்ணால் கண்டது 2001 ஜனவரியில். அது புதிய இனமென்று 2004இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. பிளை கண்ட பூங்குருவிக்குப் பிறகு இலங்கையில் கண்டறியப்பட்ட முதல் புதிய பறவையினம் அதுதான். சிங்கராஜவை மரம் வெட்டுவோரிடமிருந்து காக்கப் போராடிய திலோ ஹொஃப்மனின் பெயரை அதற்கு வைத்தார்கள். காதுக்கும் கண்ணுக்கும் நடுவே ஆறாண்டு காத்திருந்த மனிதரை நினைத்தால், அரை மணி நேரத்தில் பொறுமை இழக்கும் நம்மைப் பற்றி வேறென்ன சொல்ல?

இந்த அவசரக் கண் காட்டுக்குள்ளேயே நின்றுவிடுவதில்லை. தங்கமலையிலிருந்து இறங்கி தம்பதென்னைப் பக்கம் லிப்டன் இருக்கைக்குப் போகும் வழியில், கொழுந்து பறிக்கும் பெண்களை நோக்கி அதே கமராவைத் திருப்புகிறார்கள். அனுமதி கேட்பதில்லை. கேட்க வேண்டுமென்று தோன்றுவதுமில்லை. இடுப்பில் படங்கும் முதுகில் கூடையுமாக நிற்பவள், மஞ்சட்காதுச் சின்னானைப் போல அந்த மலைக்குரிய இன்னொரு காட்சி ஆகிவிடுகிறாள். நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆவதற்கு 2021வரை போராடியவள் அவள். இருட்டோடு எழுந்து பிரட்டுக்குப் போகிறவளுக்குக் காட்டுக்கோழி எந்தப் பக்கம் கூவும், எந்த ஓடையில் எந்தக் குருவி தண்ணீர் குடிக்கும் என்பதெல்லாம் தெரியும். அதை அறிவென்று எண்ணி அவளிடம் கேட்டவர் குறைவு. பிளையின் பெயர் பறவையோடு நிலைத்தது. அவர் தோட்டத்தில் காடு வெட்டியவர்கள் யாரென்று பறவை நூல்கள் சொல்வதில்லை.

பறவையிடம் அடக்கமும் மனிதரிடம் அடக்கமும் வேறுவேறு பயிற்சிகள் அல்ல. காட்டில் மூச்சடக்கி நின்றவர் லயத்து வாசலில் அனுமதி கேட்காமல் படமெடுத்தால், காட்டில் அவர் கற்றது தந்திரம் மட்டுமே.

ஊவாவுக்குப் பறவை பார்க்கப் போகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். வழிகாட்டியிடம் புறப்படும்போதே சொல்லிவிடுங்கள்: "தம்பி, பறவை வந்தாலும் வராவிட்டாலும் பேசின காசு முழுதாகத் தருகிறேன். குரற்பதிவு போட வேண்டாம்." அவர் கைப்பேசியை எடுப்பது பெரும்பாலும் உங்கள் முகம் வாடிவிடக் கூடாதே என்றுதான். முடிந்தால் தோட்டத்துப் பிள்ளை ஒருவரை வழிகாட்டியாக அமர்த்துங்கள். கொழுந்து மலையில் படம் எடுக்க விரும்பினால், முதலில் வணக்கம் சொல்லிக் கேளுங்கள். வேண்டாமென்று தலையசைத்தால் கமராவை மூடிவிடுங்கள்.