அச்சில் தங்கிய வாசனை

மோகனூரில் காவிரிக்கரையில் வாழும் உறவினர் ஒருவர், தம் பாட்டனாரின் பூஜைப் பெட்டியில் நெடுங்காலமாகக் கிடந்த செப்புக்காசு ஒன்றை என் கையில் வைத்து, இது எந்த ராஜ்யத்தின் காசு என்று வினவினார். ஒரு பக்கம் கிரீடத்தின்கீழ்ப் பின்னிய எழுத்துக்கள். மறுபக்கம் ரோம எண்ணில் நான்கு, ‘காஸ்’ என்னும் சொல், அதன்கீழ் ஆண்டு. 1620-ல் தஞ்சை இரகுநாத நாயக்கரின் இசைவு பெற்றுத் தரங்கம்பாடியில் குடியேறி, 1845-ல் அதனை ஆங்கிலேயருக்கு விற்றுச் சென்ற டேனியர், ஆறாம் பிரெடெரிக் மன்னன் காலத்தில் வெளியிட்ட காசு அது.

உருப்பெருக்கிக் கண்ணாடியில் நோக்கியபொழுது, ஆண்டின் இறுதி இலக்கத்துள் மயிரிழை போன்ற வேறொரு வளைவு தெரிந்தது. புதிய அச்சு வெட்டும் உழைப்பை மிச்சப்படுத்த எண்ணிய அக்கசாலையார், பழைய அச்சிலேயே முந்திய இலக்கத்தின்மேல் புதிய இலக்கத்தைக் குத்துவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் வழங்கிய முறை. அச்சில் பள்ளமாயுள்ள பழைய கோடு முற்றும் தூராதபோது, காசில் அது மெல்லிய மேடாக எழும். ஆயினும் இலக்கத்தருகே காணும் கோடெல்லாம் பழைய ஆண்டின் சுவடாகிவிடாது. தகடு நழுவி இரண்டாம் அடி வாங்கியிருந்தால் அருகிலுள்ள எழுத்துக்களும் உடன் இரட்டிக்கும். அச்சு விண்டிருந்தால் கோடு இலக்கத்தின் எல்லை கடந்து ஓடும். தகடு நழுவிய குறை அந்த ஒரு காசோடு போகும். அச்சில் தங்கிய சுவடோ, பின்னர் அதில் பிறக்கும் காசுகளிலெல்லாம் அதே இடத்தில் தோன்றும்.

இந்த வேற்றுமை என் மனத்தை விட்டு அகலவில்லை; அச்சில் தங்கும் சுவடு, வினையின் வாசனை பற்றி எனக்கிருந்த பழைய ஐயம் ஒன்றை நினைவூட்டியது. முற்பிறவிகளில் ஈட்டிய சஞ்சித வினை குருவருளால் எரிந்தொழியும் என்றும், இப்பிறவிக்கென வந்த பிராரப்தம் உடல் உள்ளவரை அனுபவித்தே தீரும் என்றும் கூறும் சைவ சித்தாந்தம், அதன் பின்னும் பெருங்காயம் இருந்த பாண்டத்தில் மணம் நிற்பதுபோல பழைய மலத்தின் வாடையாகிய வாசனாமலம் நிற்குமாதலால், உடலோடிருக்கையிலேயே முத்தி பெற்ற சீவன்முத்தரும் ஐந்தெழுத்தை ஓதி அடியார் கூட்டத்தைப் பிரியாதிருத்தல் வேண்டும் என்று விதிக்கிறது. அருள் வந்தபின்னும் வாசனையா, அருளின் ஆற்றல் அவ்வளவுதானா என்று இளமையில் நான் மனம் நொந்ததுண்டு.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்குப் பூவச்சு வெட்டும் முதியவர் ஒருவரிடம் இக்காசைக் காட்டி, பழைய கோட்டை அடியோடு போக்க வழியில்லையா என்று கேட்டேன். அவர் ஓர் அச்சை எடுத்து அதன் முகத்தைக் கட்டைவிரலால் தடவியவாறே, “மொகத்தையே தேச்சு எறக்கணுங்க, கோடு போயிரும், கூடவே பூவும் போயிருமுங்க” என்றார். அருளும் ஆன்மாவின் முகத்தைத் தேய்ப்பதில்லை என்று இப்பொழுது நம்புகிறேன். குற்றம் செய்தவனை இல்லாமற் செய்துவிட்டு வேறொருவனுக்கு முத்தி அளித்தால், மன்னிக்கப்பட்டவன் யார்? பழைய ஆண்டு அடியில் கிடக்கவும், அத்தகைய காசு புதிய ஆண்டின் காசாகவே செலாவணியாயிற்றன்றோ.

அந்த வளைவு பழைய ஆண்டின் சுவடுதானா என்று உறவினர் கடிதம் எழுதிக் கேட்கிறார். அதே அச்சில் பிறந்த மற்றொரு காசு கிடைத்து, அதே இடத்தில் அதே வளைவைக் காணுமளவும், ஆம் என்று எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை.