கையை உயர்த்துபவன் யார்?

ஒரு கர்மம் நிறைவேற ஐந்து காரணங்கள் கூட வேண்டும் என்று பகவத் கீதை பதினெட்டாம் அத்தியாயத்தில் எண்ணிக் காட்டுகிறது. இருப்பிடமாகிய சரீரம், கர்த்தா, கரணங்கள், பலவகைப்பட்ட சேஷ்டைகள் என்று நான்கைச் சொல்லி, ஐந்தாவதாகத் தெய்வத்தையும் சொல்லி, இவ்வளவும் கூடி நடத்துகிற காரியத்தைத் தான் ஒருவனே செய்ததாக நினைப்பவன் உள்ளதை உள்ளபடி காணாதவன் என்று முடிக்கிறது. தீபாராதனைக்குத் திரை விலகியதும் கைகள் உயர்ந்து தலைக்குமேல் குவிகின்றனவே, அவ்வளவு எளிய செயல் ஒன்றையேனும் எடுத்துக்கொண்டு, அதில் 'நான்' செய்தது எவ்வளவு, மற்றவை செய்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முடியுமா என்பது நெடுங்காலமாக என்னை விடாத விசாரம். உடல் நூலார் தசையைப்பற்றிக் கண்டு சொல்லியிருப்பவற்றைப் படிக்கப் படிக்க, இந்த விசாரம் ஓய்வதற்கு மாறாக மேலும் கூர்மை அடைகிறது.

இதே கேள்வியை 1643-ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் ஓர் அரசகுமாரி கேட்டாள். பொஹீமியாவின் எலிசபெத், தத்துவஞானி டெகார்ட்டுக்கு எழுதிய கடிதத்தில், ஆன்மா சிந்தனையே வடிவானது, அதற்கு நீள அகலங்கள் இல்லை என்பது தங்கள் கொள்கையானால், எதையும் தொட இயலாத அந்தப் பொருள் உடலை எவ்வாறு அசைக்கிறது என்று வினவினாள். டெகார்ட் பதில் எழுதினார், அவள் நிறைவடையவில்லை. பின்னொரு கடிதத்தில், ஆன்மாவும் உடலும் கூடியிருக்கும் விதம் ஆழ்ந்த விசாரணையால் விளங்குவதன்று, அன்றாட வாழ்விலும் சாதாரணமான பேச்சிலுமே விளங்குவது என்று அவர் சொல்ல நேர்ந்தது. இது கேள்விக்குப் பதிலாகாது என்று தள்ளுவோர் உண்டு. எனக்கோ அந்த வாக்கில் ஒரு பெரிய மனிதரின் நேர்மைதான் தெரிகிறது.

தசையைப்பற்றி அவர் கொண்டிருந்த கருத்து மட்டும் நிலைக்கவில்லை. நரம்பின் உட்குழல் வழியாக நுண்ணிய ஆவி ஒன்று பாய்ந்துவந்து தசையை உப்பச் செய்கிறது, உப்புவதனாலேயே அது நீளத்தில் குறுகுகிறது என்று அவர் எண்ணினார். ஹாலந்து தேசத்து ஸ்வாமர்டாம் ஒரு தவளையின் தசையைக் கண்ணாடிக் குழாய்க்குள் அடைத்து, குழாயின் மெல்லிய முனையில் ஒரு நீர்த்துளியை நிறுத்திவைத்து, நரம்பைச் சீண்டினார். ஆவி புகுந்து தசை பருத்திருந்தால் துளி மேலே ஏறியிருக்க வேண்டும். தசை துடித்தது, துளி ஏறவில்லை. வெளியிலிருந்து எதுவும் வந்து புகவில்லை என்பது அந்த ஒரு துளியினால் தெளிவாயிற்று. அப்படியானால் குறுகுவது எது? இதற்கு விடை காண ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் சென்றன.

எலும்போடு பொருந்திய தசை, கட்டுக்குள் கட்டாக அமைந்தது. கண்ணுக்குத் தெரியும் தசை இழைக்கற்றைகளால் ஆனது. கற்றை ஒவ்வொன்றும் தலைமயிரை ஒத்த மெல்லிய இழைகளால் ஆனது. இழை ஒவ்வொன்றினுள்ளும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்திலொரு பங்கு பருமனே உடைய நுண்ணிழைகள் நூற்றுக்கணக்கில் நெருங்கிக் கிடக்கின்றன. அந்த நுண்ணிழையும் சார்கோமியர் எனப்படும் சிற்றறைகளை வரிசையாகக் கோத்தது போன்றது. ஒவ்வோர் அறையின் நடுவிலும் மயோசின் என்ற புரதத்தாலான தடித்த இழைகள் கிடக்கின்றன. இரு புறத்து எல்லைகளிலிருந்தும் ஆக்டின் என்ற புரதத்தாலான மெல்லிய இழைகள் நடுவை நோக்கி நீண்டிருக்கின்றன. 1954 மே 22-ஆம் தேதியிட்ட 'நேச்சர்' இதழில் அடுத்தடுத்து இரண்டு கட்டுரைகள் வெளியாயின. ஒன்றை ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் நீடர்கெர்க்கும், மற்றொன்றை ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் எழுதினார்கள். ஹக்ஸ்லிகள் இருவரும் உறவினர் அல்லர். தனித்தனியே உழைத்து ஒரே முடிவுக்கு வந்தவர்கள். தசை சுருங்கும்போது தடித்த இழையும் குறுகுவதில்லை, மெல்லிய இழையும் குறுகுவதில்லை. ஒன்றன் ஊடே மற்றொன்று நழுவிச் செல்கிறது, அவ்வளவே என்பது அம்முடிவு.

குறுகுகிற பொருள் என்று ஒன்றும் இல்லாமலே குறுகுதல் நடைபெறுகிறது! செயல் உண்டு, செய்பவன் இல்லை என்று சாதித்த பௌத்த ஆசாரியர்கள் இதைக் கேட்டிருந்தால், தங்கள் கொள்கைக்குச் சரீரமே சாட்சி சொல்கிறதென்று மகிழ்ந்திருப்பார்கள். அவர்களுடைய வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. இன்னும் உள்ளே சென்று பார்த்த பிறகே அதை எதிர்கொள்ள வேண்டும்.

தடித்த இழை ஒன்றிலிருந்து நூற்றுக்கணக்கான மயோசின் தலைகள் பக்கவாட்டில் நீண்டிருக்கின்றன. தலை ஒவ்வொன்றும் அருகிலுள்ள மெல்லிய இழையைப் பற்றி, சாய்ந்து இழுத்து, விட்டு, நிமிர்ந்து, சற்றுத் தள்ளி மீண்டும் பற்றுகிறது. ஒரு முறை இழுத்தால் இழை நகர்வது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் லட்சத்திலொரு பங்கு. கோடானுகோடித் தலைகள் தத்தம் முறையில் இப்படி இழுத்ததன் திரண்ட பயனே நம் கை உயர்ந்தது. இந்தச் சுழற்சியில் என்னை மிகவும் சிந்திக்க வைப்பது இழுப்பதன்று, விடுவதுதான். இழுத்து முடித்த தலை, பிடித்த பிடியிலேயே கிடக்க எதுவும் வேண்டுவதில்லை, ஏ.டி.பி. என்னும் சக்திப்பொருளின் மூலக்கூறு ஒன்று வந்து சேர்ந்தால்தான் அது பிடியை விடும். தசைக்குள் கைவசம் உள்ள ஏ.டி.பி. சில விநாடிகளுக்கே போதும்; உண்ட உணவும் இழுத்த மூச்சும் அதைக் கணந்தோறும் புதுப்பித்துக் கொடுக்கின்றன.

மூச்சு நின்றபின் கொடுப்பார் இல்லை. சில மணி நேரத்தில் இருப்பு தீர்ந்து, பற்றிய தலைகள் பற்றியபடியே நின்றுவிட, உடல் விறைக்கிறது. இமையிலும் தாடையிலும் முதலில் தொடங்கி, ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரத்தில் அங்கமெங்கும் பரவி, ஓரிரு நாட்களில் புரதங்களே சிதையத் தொடங்கியபின் தளர்கிறது. நம் வீடுகளில் உயிர் பிரிந்தவுடன், அழுகைக்கு நடுவிலும் யாரேனும் ஒரு முதிய பெண்மணி முன்வந்து, கண்களை மூடி, தாடையைத் துணியால் சேர்த்துக் கட்டி, கைகால்களை நீட்டி நேர்ப்படுத்தி, கால் பெருவிரல்கள் இரண்டையும் இணைத்துக் கட்டுகிறாள். தாமதித்தால் இயலாது என்று அவளுக்குத் தெரியும். மரணத்துக்குமுன் நெகிழ்ச்சியே இயல்பு என்றும், முயற்சி வேண்டுவது பிடிப்பதற்கே என்றும் நாம் எண்ணியிருக்க, உண்மை நேர்மாறாக இருக்கிறது: உயிரோடு இருக்கும்வரை நமது ஒவ்வொரு நெகிழ்ச்சியும் நமக்கு அளிக்கப்பட்டுக்கொண்டே இருந்த ஒன்று. இதில் 'நான்' செய்ததென்று எதைச் சொல்வேன்?

சங்கற்பம் செய்தது நான் என்று சொல்லலாம். அதையும் பார்ப்போம். மூளையிலிருந்து தண்டுவடம் வழியாக வந்த தூண்டல் நரம்பின் முனையை அடைந்ததும், அங்கே அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் சுரந்து தசையிழையின் மேற்பரப்பில் மின்மாற்றத்தை எழுப்ப, இழைக்குள் சேமித்து வைத்திருந்த கால்சியம் விடுபடுகிறது. ஜப்பானிய அறிஞர் எபாஷி கண்டு சொன்னபடி, அந்தக் கால்சியம் ட்ரோபோனின் என்ற புரதத்தில் சேர்ந்த பிறகே ஆக்டினில் மறைந்திருந்த இடங்கள் வெளிப்பட்டு மயோசின் பற்றுகிறது. சங்கிலியில் ஒரு கண்ணிகூட விடுபடவில்லை. சங்கற்பம் புகுந்த வாசல் மட்டும் தென்படவில்லை. 1983-இல் பெஞ்சமின் லிபெட் வெளியிட்ட ஆராய்ச்சியோ, விரும்பியபோது கையை அசைக்கச் சொல்லப்பட்டவர்களின் மூளையில், 'இப்போது விரும்பினேன்' என்று அவர்கள் குறித்த தருணத்துக்கும் முன்பே அசைவுக்கான ஆயத்தம் தொடங்கிவிடுவதைக் காட்டிற்று. சங்கற்பமும் எங்கிருந்தோ வந்து சேர்வதாகவே தோன்றுகிறது.

இந்த இடத்தில் எனக்குத் துணையாக நிற்பவர் ஸ்ரீபெரும்பூதூரில் அவதரித்த இராமாநுஜர். ஜீவனுக்குக் கர்த்திருத்வம் உண்டு, ஆனால் அது பரமாத்மாவுக்கு அதீனமானது என்பது ஸ்ரீபாஷ்யத்தின் தீர்ப்பு. அப்படியானால் விதிகளும் விலக்குகளும் வீணல்லவா என்ற ஆட்சேபத்துக்கு, ஜீவன் செய்யும் முதல் பிரயத்தனத்தை நோக்கி அந்தர்யாமி அநுமதி அளித்து அதை நடத்துகிறான் என்று சமாதானம் கூறுகிறார். இருவருக்குப் பொதுவான சொத்தை ஒருவன் மூன்றாமவனுக்குக் கொடுக்க விரும்பினால் பங்காளியின் அநுமதி இன்றிக் கொடுக்க முடியாது. ஆயினும் அந்த அநுமதியைப் பெற்றது கொடுத்தவனுடைய செயலே ஆகையால் பலன் அவனையே சேரும் என்பது அவர் காட்டும் உதாரணம். பௌத்தரின் வாதத்தில் எனக்குக் குறையாகத் தோன்றுவது இதுதான்: இழைகளுக்குள் கர்த்தாவைக் காணவில்லை என்பதால் கர்த்தா இல்லை என்று அவர்கள் முடித்துவிடுகிறார்கள், தனித்து நிற்கும் கர்த்தா இல்லை என்பது மட்டுமே அதிலிருந்து பெறப்படும். கூட்டுச் சொத்தில் ஒருவனுடைய பங்கைத் தனியே வெட்டிக் காட்ட முடியாது என்பதால் அவனுக்குப் பங்கே இல்லை என்று ஆகிவிடாது.

எழுந்த விருப்பத்தைக் கடைசிக் கணத்தில் நிறுத்திக்கொள்ள மனிதனால் முடியும் என்று லிபெட்டும் கருதினார். அடிக்க ஓங்கிய கையை ஒருவன் தாழ்த்திக்கொள்கிறான் என்று வைத்துக்கொள்வோம். வெளிப்பட்ட கால்சியத்தை மீண்டும் இழுத்து உள்ளே சேர்ப்பதற்கும் ஏ.டி.பி.யே செலவாகிறது, ஆகவே அடிக்காமல் விட்டதும் அவன் தனியே செய்த செயலன்று, அதற்கும் அநுமதி வேண்டியிருந்தது. ஆனால் தாழ்த்த விரும்பியவன் அவன். இராமாநுஜரின் நியாயப்படி அந்தப் புண்ணியம் முழுவதும் அவன் கணக்கில் வரவு வைக்கப்படும்.