உனக்கு வேற

என் கைத்தொலைபேசியில் ஒரு ஒலிப்பதிவு இருக்கிறது. நான்கு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. கேடிஎம் ரயில்வேயின் பழைய 'கிளாஸ் 22' டீசல் என்ஜின் ஒன்று, சரக்குப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு நிலையத்தை விட்டுப் புறப்படும் சத்தம். யாரோ ஒரு மலாய் ரயில் ரசிகர் பதிவு செய்தது. முதல் ஒரு நிமிடம் வெறும் உறுமல்தான். பிறகு உறுமலுக்கு மேலே சீட்டி மாதிரி ஒன்று எழும்பும். அது டர்போ சுற்றும் சத்தம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். தூக்கம் வராத இரவுகளில் மெர்கோங் வீட்டின் பின்கட்டில் உட்கார்ந்து இதைக் கேட்பது என் வழக்கம்.

போன் ஸ்பீக்கரில் அந்தச் சத்தத்தில் பாதிதான் வரும். அடித்தொனி வராது. நிஜத்தில் அது காதால் மட்டும் கேட்கிற சத்தமே இல்லை. குருணுக்குத் தெற்கே தண்டவாளத்தை ஒட்டியிருந்த எங்கள் தோட்டத்தில், ரயில் வருவதை முதலில் சொல்வது லயத்தின் தகரக் கூரை. அப்புறம் அலமாரியில் இருக்கும் டம்ளர்கள். அதற்கும் பிறகுதான் காது.

அப்போது ஒற்றைத் தண்டவாளம். எதிரே பயணிகள் ரயில் வந்தால் சரக்கு வண்டி ஒதுங்கி நிற்க வேண்டும். பதினைந்து நிமிடம், சில நாள் அரை மணி நேரம். நிற்கும்போதும் என்ஜினை அணைக்க மாட்டார்கள். இருட்டில், பால்மரங்களுக்கு அந்தப் பக்கம், ஏதோ பெரிய மிருகம் மூச்சு விடுவது போலக் கேட்டுக்கொண்டே இருக்கும். அதைக் கேட்டபடி நான் தூங்கிப்போவேன். ஈப்போவிலிருந்து பாடாங் பெசார் வரை 329 கிலோமீட்டருக்கு இரட்டைப் பாதையும் மின்கம்பியும் போட்ட பிறகு அந்தக் காத்திருப்பு போய்விட்டது. 2015 ஜூலையில் இடிஎஸ் ரயில் பாடாங் பெசார் வரை ஓட ஆரம்பித்தது. நான் ஏங்குகிற சத்தத்தில் பெரும்பகுதி, ஒரு குறைபாட்டின் சத்தம். இன்னொரு தண்டவாளம் இல்லாததால் வண்டி நின்ற சத்தம்.

இந்த ஏக்கத்துக்கு ஒரு நியாயம் வேண்டும் என்று எனக்குப் பல வருடம் தோன்றியதே இல்லை. யாராவது கேட்டால் தயாராக ஒரு பதில் வைத்திருந்தேன். அது நல்ல பதில்தான், இன்னும் சொல்கிறேன். டீசல் ரயிலில் என்ஜின் நேரடியாகச் சக்கரத்தைச் சுற்றுவதில்லை. அது ஜெனரேட்டரைச் சுற்றுகிறது. அந்த மின்சாரம் கீழே அச்சுகளில் இருக்கும் மோட்டார்களுக்குப் போகிறது. அதனால் என்ஜினின் வேகமும் வண்டியின் வேகமும் ஒன்றல்ல. ஓட்டுநர் கைப்பிடியை ஒவ்வொரு படியாக ஏற்றும்போது என்ஜின் கதறும். ஆனால் வண்டி அசைந்ததா இல்லையா என்றே தெரியாது. சத்தம் முதலில், நகர்வு பிறகு. எவ்வளவு பாரம், எவ்வளவு பாடு என்று ஊருக்கே கேட்கும். இடிஎஸ் அப்படியில்லை. 'ஊய்' என்று ஒரு மெல்லிய ஒலி, அவ்வளவுதான், போயே போய்விடும். ஆக டீசல் சத்தம் உழைப்பின் சத்தம், அதை நான் விரும்புவது உழைப்புக்குச் செய்யும் மரியாதை. இப்படிச் சொல்லிக்கொள்வேன்.

இதில் ஒரு ஓட்டை இருந்தது. உழைத்தவன் யார் என்று நான் கேட்டதே இல்லை.

சில வருடங்களுக்கு முன்பு அலோர் ஸ்டார் காப்பிக் கடை ஒன்றில், ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர் ஒருவருடன் பேசக் கிடைத்தது. தமிழர்தான். ஆர்வத்தோடு போனை எடுத்து அந்தப் பதிவைப் போட்டேன். மரியாதைக்குக் கொஞ்ச நேரம் கேட்டார். "கிளாஸ் 22 தானே" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "அந்தச் சத்தம் ஞாபகம் வருமா அங்கிள்?" என்று கேட்டேன். அவர் சொன்னது: "உள்ள ஏறி உக்காந்தா பத்து நிமிஷத்துல சத்தம் காதுல விழாது தம்பி. நின்னுச்சுன்னாதான் கேக்கும்."

அவருக்கு ஞாபகம் வருவது வேறு. சூடு. சட்டையில் போகாத எண்ணெய் வாசம். டீசல் புகை புற்றுநோய் வரவழைக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் திட்டவட்டமாக அறிவித்தது. அவர் வேலை பார்த்த காலத்தில் அது வெறும் புகைதான். நான் அந்தச் சத்தத்தைக் கேட்டது அரை மைல் தள்ளி, போர்வைக்குள் இருந்து. தூரம்தான் அதை எனக்குப் பாட்டாக்கிக் கொடுத்தது.

ஆனாலும் அந்த ஓட்டுநரால் என் தூக்கம் கெடவில்லை. கெடுத்தது என் பாட்டி.

பாட்டிக்கு ரயில் சத்தம் ஆகாது. தகரம் அதிர ஆரம்பித்ததும், எந்த வேலையில் இருந்தாலும் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தும். வெக்கையில் எல்லோரும் புழுங்கிக்கொண்டு கிடப்போம். வண்டி போன பிறகுதான் திறக்கும். சின்ன வயதில் எங்களுக்கு அது ஒரு விளையாட்டு. பாட்டி சாத்தும், நான் திறப்பேன். "சாத்துடா அத" என்று மட்டும் சொல்லும். காரணம் சொல்லாது.

காரணம் எங்களுக்குத் தெரியும், தெரியாமல் இல்லை. 1943இல் பாட்டியின் அப்பாவை ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் பாதை போட ஏற்றிப் போனான். மூன்று மாத வேலை, நல்ல சம்பளம் என்று சொல்லித்தான் பல தோட்டங்களில் ஆள் எடுத்தார்கள். ஆள் வராதபோது பிடித்துக்கொண்டு போனார்கள். காற்றில்லாத சரக்குப் பெட்டிகளில் அடைத்துத் தாய்லாந்தின் பான் போங் வரை ரயில். அங்கிருந்து காட்டுக்குள் நடை. 415 கிலோமீட்டர் பாதையை ஒன்றரை வருடத்துக்குள் முடித்தார்கள். வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் அறுபதாயிரம் பேர் அதில் வேலை செய்தார்கள் என்று கணக்கு இருக்கிறது, அவர்களில் இறந்தவர்களுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்த ஆசியக் கூலிகளுக்கு அப்படி எதுவும் இல்லை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலைப் படித்தவர்களுக்கு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. பாட்டிக்கு அப்போது எட்டு ஒன்பது வயது இருக்கும். அவர் அப்பா திரும்பி வரவில்லை. எங்கே இறந்தார், எப்போது, எதுவும் தெரியாது. வண்டி கிளம்பிய சத்தம் மட்டும்தான் அவரைப் பற்றிய கடைசித் தகவல்.

எனக்குப் பதினாறு வயது இருக்கும்போது ஒரு நாள் ஜன்னல் சண்டை முற்றிவிட்டது. அந்த வருடம்தான் ரயில் பைத்தியம் எனக்கு உச்சத்தில் இருந்தது. என்ஜின் வகைகள், வருடங்கள் எல்லாம் மனப்பாடம். கேடிஎம் முதல் பெரிய டீசல் என்ஜின்களை இங்கிலாந்திலிருந்து இறக்கியது 1957இல், அவற்றுக்குப் பூக்களின் பெயர் வைத்தார்கள் என்பதுவரை தெரியும். அந்த அறிவைப் பாட்டியிடம் காட்டினேன்.

"பாட்டி, சயாமுக்குப் போனது நீராவி வண்டி. கரி போட்டு ஓட்டுறது. அதோட சத்தமே வேற. இது டீசலு. அந்தக் காலத்துல இது இங்க கெடையாது. இது வேற பாட்டி."

பாட்டி ஜன்னல் கொக்கியை மாட்டிவிட்டுத் திரும்பியது.

"உனக்கு வேற."

அவ்வளவுதான். இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. பாட்டியும் இல்லை. நான் சொன்ன தகவலில் ஒரு பிழையும் கிடையாது, இன்று சரிபார்த்தாலும் சரிதான். ஆனால் அதைச் சொன்ன வாயை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

பழையதற்காக ஏங்குவதை ஐரோப்பாவில் முதலில் நோய் என்றுதான் எழுதி வைத்தார்கள். 1688இல் பாசெல் நகரத்தில் யோஹானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், 'திரும்புதல்', 'வலி' என்ற இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டி 'நாஸ்டால்ஜியா' என்று பெயர் வைத்தார். வெளிநாட்டில் கிடந்து வாடிய சுவிஸ் நாட்டவர்களைப் பார்த்து எழுதியது. ஏறக்குறைய எண்பது வருடம் கழித்து ரூசோ தன்னுடைய இசை அகராதியில் இதை ஒட்டி ஒரு விஷயம் சொல்கிறார். சுவிஸ் படைவீரர்கள் மத்தியில் ஊர் மாட்டுக்காரப் பாட்டு ஒன்றை வாசிக்கத் தடை இருந்ததாம். கேட்டால் அழுவார்கள், ஓடிப்போவார்கள், செத்தும் போவார்கள். ஆனால் அந்தப் பாட்டை வேறு நாட்டுக்காரனுக்கு வாசித்துக் காட்டினால் ஒன்றும் ஆகாது. ஏனென்றால் அங்கே வேலை செய்வது இசை அல்ல, அது ஒரு நினைவுக்குறி என்கிறார் ரூசோ.

இதை முதலில் படித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. சத்தம் வெறும் குறிதான், என் குறி எனக்கு, பாட்டியின் குறி பாட்டிக்கு, சண்டை எதற்கு? ஆனால் அந்த நிம்மதி ரொம்ப சுலபமாகக் கிடைத்துவிட்டது. ரூசோவின் சுவிஸ்காரர்கள் எல்லோருக்கும் அந்தப் பாட்டு ஒரே ஊரைத்தான் காட்டியது. எங்கள் லயத்தில் ஒரே கூரைக்குக் கீழே, ஒரே சத்தம், ஒருவனுக்குத் தாலாட்டு, இன்னொருவருக்குச் சாவு ஓலை. 'அவரவர் குறி அவரவருக்கு' என்று பிரித்துக்கொள்ள அங்கே இரண்டு ஜன்னல் இல்லை. ஒரு ஜன்னல்தான். அது திறந்திருக்க வேண்டும் அல்லது சாத்தியிருக்க வேண்டும்.

இதை ரயிலோடு நிறுத்த முடியவில்லை. நம் தலைமுறையில் தோட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர், என்னையும் சேர்த்துத்தான், இப்போது லயத்தை ஒரு சொர்க்கம் மாதிரி எழுதுகிறோம். விடியற்காலைப் பெரட்டு மணி, பால் வாளி, திருவிழா, திரைகட்டிப் படம். எதுவும் பொய் இல்லை. ஆனால் பெரட்டு மணிச் சத்தத்தை இனிமையாக நினைப்பவர்கள் பெரும்பாலும், அந்த மணிக்கு எழுந்து ஓடவேண்டியில்லாமல் பாயில் புரண்டு படுத்த பிள்ளைகள். எழுந்து ஓடிய அம்மாமார்களைக் கேட்டால் வேறு சொல்வார்கள். நாம் கேட்டிருக்கிறோமா? கேட்டோம் என்றால், அவர்கள் சொன்னதும் நம் தகவலைக் கொண்டு திருத்தினோமா?

ஏங்குவதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அது வேறொரு பாசாங்கு. இன்றைக்கும் அந்தப் பதிவைக் கேட்கத்தான் செய்கிறேன். 'நம்ம சத்தம்' என்று உரிமை கொண்டாடுவதுதான் இப்போது வாயில் வருவதில்லை. சொல்லப்போனால் அந்தச் சத்தம் எப்போதுமே நம்முடையதாக இருந்ததில்லை. கிளாஸ் 22 இங்கிலீஷ் எலெக்ட்ரிக் கம்பெனியுடையது. தொண்ணூறுகளில் இந்தியாவின் ரைட்ஸ் நிறுவனம் குத்தகைக்கு அனுப்பிய ஒய்டிஎம்-4 என்ஜின்களும் கேடிஎம் பாதைகளில் ஓடின. தமிழ்நாட்டு மீட்டர்கேஜ் பாதைகளில் ஓடிய அதே இனம். அதன் மூலம் ஆல்கோ என்ற அமெரிக்கக் கம்பெனி. 1969இல் அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள், வாரணாசியில் அதன் என்ஜினைத் தொடர்ந்து செய்துகொண்டிருந்தார்கள். மாயவரத்தில் எவனோ ஒருவன் ஊர் ஞாபகம் என்று கண்ணீர் விடும் அதே தடதடப்பு, இங்கே எவனுக்கோ தைப்பிங் ஞாபகம்.

அமைதியும் ஒன்றும் சுத்தமானதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். இடிஎஸ் மெர்கோங் பக்கம் எவர் தூக்கத்தையும் கெடுக்காமல் போகிறது. ஆனால் பாடு எங்கோ படத்தான் செய்கிறது. கம்பியில் வரும் மின்சாரத்தில் ஒரு பங்கு, பேராக்கின் மஞ்சோங் போன்ற இடங்களில் நிலக்கரி எரித்து வருவது. நீராவி வண்டி போய்விட்டது என்று பதினாறு வயதில் பாட்டிக்குப் பாடம் எடுத்தேன். கரி எரிவது நிற்கவில்லை, கேட்காத தூரத்துக்குப் போயிருக்கிறது. அங்கே அதன் பக்கத்தில் யார் குடியிருக்கிறார்கள், அவர்கள் எந்த ஜன்னலைச் சாத்துகிறார்கள் என்பது என் வீட்டுக்கு வராது.

மின்கம்பிக்குக் கீழேயே இன்னும் டீசல் சரக்கு வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. கண்டெய்னர், சிமெண்டு. பழைய கிளாஸ் 22 இல்லை, புது என்ஜின்கள்; சத்தத்தில் சீட்டி கிடையாது. காற்று இந்தப் பக்கம் அடிக்கும் இரவுகளில், வயல்வெளியைத் தாண்டி மெர்கோங் வரை லேசாகக் கேட்கும். போன மாதம் அப்படி ஒன்று கேட்டது. நான் பின்கட்டில் இருந்தேன். அடுப்படியில் இருந்த அம்மா, "என்னடா, இந்நேரத்துல எவன் லோரியப் போட்டு முறுக்கிட்டு இருக்கான்?" என்று கேட்டார்.

"லோரி இல்லம்மா. ரயிலு."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னார்:

"பாட்டி இருந்திருந்தா இந்நேரம் ஜன்னல சாத்தியிருக்கும்."

ஜன்னல் திறந்துதான் இருந்தது. வண்டி போய் முடிகிற வரை நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.