சும்மா ஜாலிக்கு

'சும்மா' என்ற சொல்லுக்குத் தமிழில் இருக்கிற அர்த்தங்களை எண்ண ஒரு கை விரல்கள் போதாது. காசில்லாமல் கிடைத்தால் சும்மா. வேலையில்லாமல் உட்கார்ந்தால் சும்மா. பொய் மாட்டிக்கொண்டால் 'சும்மா சொன்னேன்'. ஓயாமல் நச்சரித்தால் 'சும்மா சும்மா கேக்காதே'. சித்தர்களிடம் போனால் சும்மா இருப்பதுதான் இருக்கிறதிலேயே கஷ்டமான காரியம் என்பார்கள். இத்தனைக்கும் நடுவில் 'சும்மா ஜாலிக்கு' என்று ஒன்று இருக்கிறது. காரணம் கேட்காதே, கணக்குக் கேட்காதே, இதனால் யாருக்கும் லாப நஷ்டம் கிடையாது என்று அர்த்தம். பி.காம். படித்தவனுக்கு இந்த மாதிரி வாக்கியங்களைக் கேட்டாலே கை அரிக்கும். லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை என்று சொல்கிற கணக்கை ஆடிட்டர் இரண்டு தடவை பார்ப்பார்.

அண்ணன் மகன் டல்லாஸ் பக்கம் இருக்கிறான். சாஃப்ட்வேர். ஏழு வயதில் ஒரு பையன். போன மாதம் போனில், "சித்தப்பா, நைட்ரோ கார் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். ரேஸ் கீஸெல்லாம் இல்ல, சும்மா ஜாலிக்கு. மொதல் வண்டி எது வாங்கலாம், சொல்லுங்க" என்றான். பத்திரிகைக்காரனுக்கு எல்லாம் தெரியும் என்ற மூடநம்பிக்கை எங்கள் குடும்பத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. நல்லவேளையாக இந்த விஷயம் எனக்குக் கொஞ்சம் தெரியும்.

தெரியாதவர்களுக்கு: கையில் ரிமோட் வைத்துக்கொண்டு ஓட்டுகிற பொம்மைக் கார்களில் இரண்டு ஜாதி. ஒன்று பேட்டரியில் ஓடுவது. இன்னொன்று நிஜமாகவே எஞ்சின் வைத்தது. நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு, எட்டில் ஒரு பங்கு சைஸ். அதற்குள் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு டூ ஸ்ட்ரோக் எஞ்சின். சின்ன வண்டிகளில் கொள்ளளவு இரண்டரை சி.சி. இருக்கும். பெட்ரோல் குடிக்காது. மெத்தனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய் மூன்றையும் கலந்த திரவம்தான் ஆகாரம். கார்களுக்கான கலவையில் நைட்ரோமீத்தேன் பொதுவாக நூற்றுக்கு 10 முதல் 30 வரை. அதனால்தான் நைட்ரோ என்ற பெயர்.

அந்த எண்ணெயில் என்ன இருக்கும் தெரியுமா? நம்ம விளக்கெண்ணெய். மெத்தனாலோடு சேராமல் சாதாரண எஞ்சின் ஆயில் தனியாகப் பிரிந்து நிற்கும். விளக்கெண்ணெய் கலந்துவிடும், கடும் சூட்டிலும் வழுக்கும் தன்மையை விடாது. முதல் உலகப் போரில் பறந்த விமானங்களின் ரோட்டரி எஞ்சின்களுக்கும் அதுதான். இப்போது செயற்கை எண்ணெயும் சேர்க்கிறார்கள். நம்மூரில் ஒருவரைத் திட்டப் பயன்படுத்துகிற சரக்கு, அங்கே மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது.

ஸ்பார்க் பிளக் கிடையாது. க்ளோ பிளக் என்று ஒன்று. உள்ளே பிளாட்டினம் கலந்த சின்னக் கம்பிச்சுருள். ஆரம்பத்தில் ஒன்றரை வோல்ட் கொடுத்து அதைப் பழுக்க வைக்க வேண்டும். எஞ்சின் பிடித்துக்கொண்டதும் பேட்டரியை எடுத்துவிடலாம். மெத்தனால் ஆவி பட்டு, எரிகிற சூட்டிலேயே அது தானாகப் பழுத்துக்கொண்டிருக்கும். ரே ஆர்டன் என்ற அமெரிக்கர் 1947-ல் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதற்கப்புறம்தான் இவ்வளவு சின்ன எஞ்சின்கள் சுலபமாயின. சுலபம் என்றால் அவர்கள் கணக்கில்.

இனி 'சும்மா ஜாலி'க்கு வருவோம்.

புது நைட்ரோ வண்டியைப் பெட்டியிலிருந்து எடுத்து அன்றைக்கே பறக்கவிட முடியாது. பிஸ்டனும் சிலிண்டரும் ஒன்றுக்கொன்று பழக வேண்டும். முதல் நாலைந்து டாங்க் எரிபொருளை, கலவையைக் கொழுப்பாக வைத்து, மெதுவாக ஓட்டி, நடுநடுவே ஆறவைத்துத் தீர்க்க வேண்டும். புது மருமகளைப் புகுந்த வீட்டில் பழக்குகிற மாதிரி என்று எழுதியிருப்பேன், இந்த வீட்டில் அடி விழும். ஆக முதல் சனிக்கிழமை புகையும் இரைச்சலும்தான், வேகம் கிடையாது. அப்புறம் கார்புரேட்டர். அதில் இரண்டு ஊசிகள். ஒன்றை எட்டில் ஒரு சுற்று இந்தப் பக்கம் திருகினால் எஞ்சின் மூச்சுத் திணறும், அந்தப் பக்கம் திருகினால் சூடேறி உயிரை விடும். காலையில் சரியாக இருந்தது மத்தியானம் வெயிலில் சரியாக இருக்காது. சிலிண்டர் தலையின் சூடு 100-லிருந்து 130 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கிறதா, பின்னால் மெல்லிய புகைக்கோடு தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். 75 சி.சி. டாங்க் பத்து நிமிஷம் வந்தால் பெரிசு. ஒரு காலன் வாங்கினால் சுமார் 50 டாங்க், அதாவது எட்டு மணி நேர ஓட்டம். ஓட்டி முடித்தபின் மிச்ச எரிபொருளை வடித்து, எஞ்சினுக்குள் எண்ணெய் விட்டு, ஏர் ஃபில்டரைக் கழுவி வைக்காவிட்டால், மெத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டு பேரிங்கை அரித்துவிடும். மொத்தத்தில் ஒரு மணி நேரம் ஓட்ட, ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் கையில் எண்ணெய்ப் பிசுக்கு.

பேட்டரி காருக்கு இதெல்லாம் கிடையாது. சார்ஜ் போடு, ஓட்டு, முடிந்தது. ஒரு காலத்தில் வேகம் வேண்டுமென்றால் நைட்ரோதான் என்ற நிலை இருந்தது. டெக்ஸாஸிலேயே இருக்கிற டிராக்ஸஸ் கம்பெனி 1999-ல் டி-மேக்ஸ் என்று ஒரு வண்டி கொண்டுவந்தது. பெரிய சக்கரங்கள், ரிவர்ஸ் கியர் உண்டு, ஸ்டார்ட் செய்யக் கயிறு இழுக்க வேண்டாம். ரேஸ் பக்கமே போகாத ஜனங்கள் வீட்டுக்குப் பின்னால் நைட்ரோ ஓட்ட ஆரம்பித்தது இந்த மாதிரி வண்டிகளால்தான். அப்புறம் 2000-களின் நடுவில் லித்தியம் பாலிமர் பேட்டரியும் பிரஷ்லெஸ் மோட்டாரும் வந்தன. வேகத்திலும் நைட்ரோ தோற்றது. இன்றைக்கு நைட்ரோ வாங்க, காசு கணக்கில் ஒரு காரணமும் சொல்ல முடியாது.

பின்னே ஏன் வாங்குகிறார்கள்?

கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்த பெர்னார்ட் சூட்ஸ் 1978-ல் 'தி கிராஸ்ஹாப்பர்' என்று ஒரு புத்தகம் எழுதினார். ஈசாப் கதையில் எறும்பு உழைக்கும், வெட்டுக்கிளி ஆடும் பாடும், குளிர்காலத்தில் பட்டினி கிடக்கும் அல்லவா? இவர் அந்த வெட்டுக்கிளியைக் கதாநாயகனாக்கி விட்டார். விளையாட்டு என்றால் என்ன என்று அது சீடர்களோடு வாதம் செய்கிறது. அதன் கட்சி சுருக்கமாக இது: ஒரு காரியத்தைச் சுலபமாக முடிக்க வழியிருந்தும், தேவையில்லாத ஒரு தடையை நாமே விரும்பி ஏற்றுக்கொண்டால் அது விளையாட்டு. கபடியை எடுத்துக்கொள்ளுங்கள். எதிராளியைத் தொட்டுவிட்டு ஓடிவர மூச்சை அடக்கிப் பாட வேண்டிய அவசியம் என்ன? ஒன்றுமில்லை. அந்த மூச்சை எடுத்துவிட்டால் கபடியும் போய்விடும்.

நைட்ரோக்காரர்கள் இந்த ரகம். சுலபமாகக் கிடைக்கிற வேகத்தை ஒதுக்கிவிட்டுக் கஷ்டமான வேகத்தைத் தேடுகிறார்கள். ஊசியை ஒரு மயிரிழை திருகியதும் எஞ்சினின் குரல் மாறுகிறதே, அதைக் காதால் பிடிப்பதுதான் அவர்களுக்கு ஆட்டம். கார் ஓடுவது அதற்குப் பின்னால் வருகிற போனஸ்.

இதை உயர்த்திப் பேச எனக்கு விருப்பமில்லை. கஷ்டப்பட்டு அடைந்த சந்தோஷம்தான் உசத்தி, பட்டனைத் தட்டியதும் வருவது மட்டம் என்று பிரசங்கம் செய்ய இந்த நாட்டில் ஆளுக்குப் பஞ்சமில்லை. வாரம் ஐம்பது மணி நேரம் கம்ப்யூட்டர் முன்னால் முதுகை ஒடித்துக்கொண்டவன் சனிக்கிழமை சுலபமான சந்தோஷம் கேட்டால் அதில் ஒரு மட்டமும் இல்லை. சூட்ஸ் சொன்னதில் நான் அடிக்கோடு போடுவது 'விரும்பி' என்ற வார்த்தைக்குத்தான். புதுப்பேட்டைப் பக்கம் ஒரு டூவீலர் ஷெட்டில் எட்டிப் பாருங்கள். ஒரு பையன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கார்புரேட்டரைக் கழட்டி, ஊதி, திருகிக்கொண்டிருப்பான். அதே ஊசி, அதே பிசுக்கு, சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கிற அதே காது. அவனிடம் போய் 'எவ்வளவு ஜாலியான வேலை' என்று சொல்லிப் பாருங்கள், ஸ்பேனர் பறக்கும். ஒரே காரியம் டெக்ஸாஸில் பொழுதுபோக்கு, இங்கே பிழைப்பு. போட்டுவிட்டு எழுந்து போகலாம் என்கிற உரிமை ஒன்றுதான் நடுவில் இருக்கிற வித்தியாசம்.

அந்த உரிமை வண்டி வாங்குகிறவனுக்கு இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கு உண்டா? நைட்ரோவின் சத்தம் காதருகே மரம் அறுக்கிற ரகம். அவர் இந்தத் தடையை விரும்பி ஏற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தூக்கம்தான் அவருடைய சும்மா. ரிசீவரின் பேட்டரி தீர்ந்துபோனால் பேட்டரி கார் அனேகமாக நின்றுவிடும். நைட்ரோ, ஆக்ஸிலரேட்டர் திறந்த நிலையிலேயே மாட்டிக்கொண்டு முழு வேகத்தில் தன் இஷ்டத்துக்கு ஓடக்கூடும். நாலு கிலோ உலோகமும் பிளாஸ்டிக்கும் ஒரு குழந்தையின் கணுக்காலில் மோதினால் சும்மா என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஃபெயில்சேஃப் என்ற சமாசாரம் இதற்காகத்தான் இருக்கிறது, சிக்னல் போனாலோ பேட்டரி இறங்கினாலோ தானே பிரேக் போடும். அது இல்லாத வண்டியை வாங்கக்கூடாது என்று சட்டமே போடலாம்.

எரிபொருள் விஷயமும் விளையாட்டில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற சாராயத்தில் இருந்தது இதே மெத்தனால்தான். குடித்தால் கண் போகும், உயிர் போகும். தோல் வழியாகவும் உடம்புக்குள் ஏறும். வெயிலில் அது எரிந்தால் ஜ்வாலை கண்ணுக்கே சரியாகத் தெரியாது. நைட்ரோமீத்தேன் வெடிமருந்துக்கும் உதவும் என்பதால், ஐரோப்பிய யூனியனில் 2021 பிப்ரவரியிலிருந்து 16 சதவிகிதத்துக்கு மேல் உள்ள கலவையை லைசென்ஸ் இல்லாமல் பொதுமக்களுக்கு விற்கக்கூடாது. ஆனால் கலர் போட்டு, பளபள டப்பாவில் அடைத்து, பொம்மைக்கடை அலமாரியில் வைத்தால் எதுவும் சர்பத் மாதிரிதான் தெரியும்.

அண்ணன் மகனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "யாருக்குடா வாங்கறே?"

"பையனுக்குத்தான் சித்தப்பா. அவனோட சேர்ந்து ஓட்டலாமேன்னு."

இங்கேதான் கணக்கு இடிக்கிறது. ஏழு வயசுக்காரனிடம் மெத்தனால் டப்பாவையும் கொதிக்கிற சைலன்சரையும் கொடுக்க முடியாது. அவன் பத்தடி தள்ளி நிற்பான். அப்பா ஊசியைத் திருகுவார், பிளக்கை மாற்றுவார், 'இரு இரு, வந்துடும்' என்பார். பத்து நிமிஷம் ஓடும், மறுபடியும் இரு இரு. பையனுக்குக் கிடைப்பது அப்பாவின் முதுகு. நாற்பது வயதில் தனக்கு ஒரு பொம்மை வேண்டும் என்று சொல்ல நமக்குக் கூச்சம், அதனால் பில்லைக் குழந்தை பெயரில் போடுகிறோம். ரயில் செட், கேமரா, கிட்டார் என்று எத்தனை வீட்டில் பார்த்தாயிற்று! 'எனக்கு ஆசையா இருக்கு, எனக்காக வாங்கறேன்' என்று சொன்னால் யாரும் தூக்கில் போடப்போவதில்லை. அதற்காகச் செலவழிக்கிற சனிக்கிழமையும் யாருடையது என்று தெளிவாகிவிடும்.

இதையெல்லாம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "சரி சித்தப்பா, எனக்குத்தான்னு வெச்சுக்கங்க. எது வாங்கறது?" என்றான். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாத சித்தப்பாக்களை யாருக்கும் பிடிக்காது. அதனால் சொன்னது இது:

உதிரிகளாக வாங்கி நீயே பூட்டாதே. முழுசாகப் பூட்டி, ரிமோட்டோடு வருகிற வண்டியே வாங்கு. பத்தில் ஒரு பங்கு சைஸ், பெரிய சக்கரம், புல்லிலும் மண்ணிலும் ஓடுவது. ரோடு கார் அழகாக இருக்கும், ஆனால் அதற்கு வழுவழுப்பான தரை வேண்டும், ஒரு கூழாங்கல் போதும் கவிழ. எஞ்சின் சின்னதே போதும், முதல் வண்டிக்கு வேகம் எதிரி. அதைவிட முக்கியம், உன் ஊர்க் கடைக்காரர் எந்தப் பிராண்டுக்கு உதிரி பாகம் வைத்திருக்கிறாரோ அதையே வாங்கு, முதல் மாதமே முன்சக்கரக் கை உடையும். வண்டி விலையோடு முடியாது. எரிபொருள், பிளக் பழுக்க வைக்கிற இக்னைட்டர், இரண்டு மூன்று உபரி க்ளோ பிளக், சூடு பார்க்கிற கருவி, ஓட்டி முடித்தபின் விடுகிற எண்ணெய், ஃபில்டர் எண்ணெய், கையுறை, இதற்கெல்லாம் பணம் எடுத்து வை. இன்டர்நெட்டில் யாரோ விற்கிற பழைய நைட்ரோ மலிவாகத் தெரிந்தால் கிட்டே போகாதே. எஞ்சின் உள்ளே துருப்பிடித்திருக்கிறதா என்று புதிதாக வருகிற உனக்குத் தெரியாது.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பையனைக் கூட்டிக்கொண்டு, ரேஸ் டிராக் எங்கே இருக்கிறதோ அங்கே போ. பர்ஸை வீட்டிலேயே வைத்துவிடு. ஒரு பக்கம் வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கும். இன்னொரு பக்கம் மேஜைகளில் நாலு பேர் தலையைக் கவிழ்த்துக்கொண்டு வண்டியைப் பிரித்துப் போட்டிருப்பார்கள், விளக்கெண்ணெய்ப் புகை வாசம் அடிக்கும். ஒரு மணி நேரம் நில். உன் கண் டிராக்குக்குப் போகிறதா, மேஜைக்குப் போகிறதா என்று பார். டிராக் என்றால் பேட்டரி கார் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இரு. பையன் கண் எங்கே போகிறது என்றும் பார்த்து வை.

"அவன் கண்ணு மேஜைக்குப் போச்சுன்னா?" என்றான்.

அப்படியானால் எஞ்சின் வேண்டாம். அவனுக்கு ஒரு ஸ்க்ரூடிரைவரும், பிரித்துப் போடுகிற மாதிரி பேட்டரி கார் ஒன்றும் வாங்கிக் கொடு என்றேன். உன்னுடையதைத் தனியாக வாங்கு, உன் காசில், உன் பெயரில்.