தேறுதல்

எங்கள் கல்லூரியில் முதுநிலை மாணவி ஒருத்தி தன் ஆய்வுக்காக மூன்றாமாண்டு பிசியோதெரபி மாணவிகளிடம் ஒரு வினாத்தாள் கொடுத்தாள். மீள்திறனை அளக்கும் கானர்–டேவிட்சன் அளவுகோல். 2003-இல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் இருவர் வெளியிட்டது. 25 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 100. மீள்திறன் உள்ளவர்கள் படிப்பிலும் தேறுகிறார்களா என்பது அவளுடைய கேள்வி.

ஒரு மாணவி தன் தாளை என்னிடம் சிரித்தபடி காட்டினாள். கூட்டிப் பார்த்தால் 92. "இதுலயாவது பாஸ் மேம்" என்றாள். அவளுக்கு இரண்டு அரியர் இருந்தது.

அவளுடைய அம்மா பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கிறார். படுக்கைப்புண் வராமலிருக்க இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். காலையில் சமைத்து வைத்துவிட்டு இரண்டு பேருந்து மாறி வருவாள். இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். தெரிந்துகொண்டு நான் செய்தது ஒன்றுதான்: "நீ ஸ்ட்ராங்கான பொண்ணும்மா, சமாளிச்சுருவே" என்று சொல்லி அனுப்பியது. எனக்கு அதில் ஒரு செலவும் இல்லை.

சுமக்கத் தேவையில்லாததைச் சுமக்கிறவளைப் பாராட்டுவது சரியா? 'பொறுத்தார் பூமியாள்வார்' என்று சொல்லிச் சொல்லியே வளர்க்கப்பட்ட பெண்ணிடம், அதையே மீள்திறன் என்று புதுப்பெயரில் நீட்டினால் அவள் முழு மதிப்பெண் போடாமல் என்ன செய்வாள்?

எங்கள் தொழில் இப்படி யோசிப்பதில்லை என்பதுதான் வேடிக்கை. நெடுந்தூரம் நடந்து பயிற்சியெடுக்கும் சிப்பாய்களுக்குப் பாத எலும்பில் மெல்லிய விரிசல் விழும். ஒரே அடியில் அல்ல. ஓய்வில்லாமல் திரும்பத் திரும்ப விழும் பாரத்தால். அந்த எலும்பைப் பார்த்து 'உனக்கு உறுதி போதவில்லை' என்று எந்த பிசியோதெரபிஸ்டும் சொல்வதில்லை. எவ்வளவு பாரம், எத்தனை நாள், இடையில் ஓய்வு உண்டா என்றுதான் கேட்கிறோம். தசையை வலுப்படுத்தவும் எடையைப் படிப்படியாகத்தான் கூட்டுகிறோம். ஓய்விலும் தூக்கத்திலும்தான் தசை தன்னைச் சரிசெய்துகொள்கிறது என்று பாடம் நடத்துகிறோம். வகுப்பை விட்டு வெளியே வந்ததும் மறந்துவிடுகிறோம்.

மனத்திடம் வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்தும் விரல் அசையாத நோயாளியின் முன்னால் நிற்க அது வேண்டும். வேலூர் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, பின்பு சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைசிகிச்சை செய்தவர். அவருடைய மனஉறுதியைப் பற்றி மேடைதோறும் பேசுவார்கள். ஆனால் அவர் தன்னைப்போல் அடிபட்டவர்களுக்கு உறுதியை உபதேசித்துக்கொண்டிருக்கவில்லை. 1966-இல் வேலூரில் அவர்களுக்காக ஒரு மறுவாழ்வு நிலையம் திறந்தார். எனக்கு இந்தப் பாதிதான் முக்கியமாகப் படுகிறது.

அன்று அவளிடம் முதல்முறையாக வேறு கேள்வி கேட்டேன். "ராத்திரி அண்ணன் அம்மாவைத் திருப்ப மாட்டாராம்மா?"

"அண்ணன் காலையில வேலைக்குப் போகணும் மேம். பாவம், தூக்கம் கெட்டுரும்."

காலையில் அவளும்தானே கல்லூரிக்கு வருகிறாள்! அந்த 'பாவம்' என்னைத் தூங்கவிடவில்லை. குடும்ப விஷயத்தில் ஆசிரியை தலையிடலாமா என்று நாலு நாள் தயங்கினேன். பிறகு அவள் சம்மதத்தோடு அண்ணனை வரச்சொன்னேன். திட்டுவேன் என்று நினைத்து வந்தவரைப் பயிற்சிக் கட்டிலருகே நிறுத்தி, முழங்காலை மடக்கி, தோளையும் இடுப்பையும் பிடித்து ஒருக்களிக்க வைப்பது எப்படி என்று காட்டினோம். சொல்லிக்கொடுத்தது அவள்தான். பத்து நிமிடத்தில் கற்றுக்கொண்டார். "இவ்வளவுதானா?" என்றார்.

இப்போது இரவு இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் அவருடைய போனில் அலாரம் அடிக்கிறது. சில நாள் அணைத்துவிட்டுத் தூங்கிவிடுகிறாராம். அவளுக்கு ஒரு அரியர் முடிந்தது, இன்னொன்று பாக்கி.